புது ராம் போட்ட பிறகு கம்ப்யூட்டர் படுத்துகிறதா?

கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று யாரிடம் சொன்னாலும் உடனே கிடைக்கும் பதில், "ராம் போடுங்க" என்பதுதான். நல்ல யோசனைதான். கேபினட்டைத் திறந்து, ஸ்லாட்டில் வைத்து அழுத்தி, மூடினால் வேலை முடிந்தது. பத்து நிமிடம் கூட ஆகாது. ஆனால் அந்தப் பத்து நிமிட வேலைக்குப் பிறகு பத்து நாள் தூக்கம் கெட்டவர்களும் உண்டு.

ராம் கூட்டிய பிறகு வரும் தொல்லைகள் பெரும்பாலும் மூன்று வகை. ஒன்று, கம்ப்யூட்டர் ஆன் ஆகும், ஃபேன் சுற்றும், மானிட்டரில் எதுவும் வராது. இரண்டு, எல்லாம் வரும், ஆனால் நீங்கள் போட்ட அளவு மெமரி கணக்கில் வராது. மூன்று, எல்லாமே சரியாக இருப்பதுபோல் தெரியும், உள்ளே மட்டும் கெட்டுக்கொண்டிருக்கும். முதல் வகையைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது மூன்றாவது வகைக்கு. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அடுத்தவர் வீட்டுப் படங்களைக் கெடுத்துத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் இருப்பது எச்61 மதர்போர்டும் இரண்டாம் தலைமுறை ஐ3 பிராசஸரும் கொண்ட பழைய கம்ப்யூட்டர். 4 ஜி.பி. ராம். 2024-இல் ஒரு நாள், "தம்பி, இது ரொம்ப இழுக்குது, ஏதாவது பண்ணுங்களேன்" என்றார். பழைய பொருட்கள் விற்கும் கடை ஒன்றில் 8 ஜி.பி. டிடிஆர்3 ராம் ஒன்றை வாங்கி வந்து காலியாக இருந்த ஸ்லாட்டில் போட்டேன். விண்டோஸ் 12 ஜி.பி. என்று காட்டியது. வேகம் கூடியது. சாருக்கு மகிழ்ச்சி, எனக்குக் காபி. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அழைத்தார். "நீங்க ராம் போட்டதுல இருந்து கம்ப்யூட்டர் நல்லா ஓடுது தம்பி. ஆனா பேத்தி காதுகுத்து போட்டோவெல்லாம் பாதி பாதியா வருது. கேமராவைத்தான் பார்க்கச் சொல்லணும் போல."

கேமராவில் ஒரு குறையும் இல்லை. மெமரி கார்டில் இருந்த படங்களை ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்துவிட்டு, கார்டை ஃபார்மட்டும் செய்திருந்தார். காப்பி ஆகும் வழியில் படங்கள் கடந்து சென்ற இடம், நான் போட்ட ராம். அந்தப் படங்கள் என்ன ஆயின என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் எளிதான தொல்லைகளை முடித்துவிடுவோம்.

டிஸ்பிளே வரவில்லை என்றால்

பவர் சுவிட்சை அணைத்து, ஒயரைப் பிளக்கிலிருந்து கழற்றுங்கள். பிறகு கேபினட்டின் பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் தேங்கியிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். கேபினட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைக் கையால் தொட்டுவிட்டு, புதிய ராமை மட்டும் கழற்றி வைத்துவிட்டு, பழைய ராமுடன் ஆன் செய்து பாருங்கள்.

பழையபடி டிஸ்பிளே வந்துவிட்டால் மதர்போர்டு போகவில்லை, பிராசஸர் போகவில்லை என்று நிம்மதியாக மூச்சு விடலாம். பிரச்சினை புதிய ராமிலோ, அதன் ஸ்லாட்டிலோ, இரண்டும் பொருந்தாததிலோ இருக்கிறது.

பழைய ராமுடனும் வரவில்லை என்றால், உடனே மதர்போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ராம் போடும்போது கை இடித்து வேறு எதையாவது தளர்த்தியிருப்பீர்கள். பிராசஸருக்கு அருகே வரும் 4 பின் அல்லது 8 பின் பவர் கனெக்டர், பெரிய 24 பின் கனெக்டர், கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரில், மானிட்டர் கேபிளைத் திரும்பச் சொருகும்போது மதர்போர்டில் உள்ள போர்ட்டில் சொருகிவிடுவதும் நடக்கும். எனக்கே நடந்திருக்கிறது. அரை மணி நேரம் ராமை மாற்றி மாற்றிப் போட்டுவிட்டுத்தான் அதைக் கவனித்தேன்.

ராம் சரியாக உட்காராததுதான் மிகச் சாதாரணமான காரணம். ராமில் உள்ள வெட்டும் ஸ்லாட்டில் உள்ள மேடும் நேராக வரவேண்டும். பிறகு இரண்டு ஓரங்களிலும் கட்டை விரலை வைத்து, 'டக்' என்ற சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். நாம் நினைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். இப்போது வரும் பல மதர்போர்டுகளில் ஸ்லாட்டின் ஒரு முனையில் மட்டும்தான் கிளிப் இருக்கிறது. மறு முனையில் பூட்டும் சத்தம் வராது என்பதால், அந்தப் பக்கம் பாதி உட்கார்ந்த நிலையிலேயே விட்டுவிடுகிறார்கள். பக்கவாட்டில் இருந்து பாருங்கள். ராம் ஸ்லாட்டுக்கு இணையாக நேர்கோட்டில் இருக்க வேண்டும், ஒரு பக்கம் தூக்கியிருக்கக் கூடாது.

ராமின் தங்க நிறக் காண்டாக்ட்டுகளில் அழுக்கு படிந்திருக்கலாம். கடற்கரை ஊர்களில் பழைய ராம்களில் கரும்படலமே இருக்கும். பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம் ஊர் சர்வீஸ் இன்ஜினியர்களின் பரம்பரை வைத்தியம். பலிக்கவும் செய்கிறது. ஆனால் மென்மையான வெள்ளை ரப்பராக இருக்கட்டும், லேசாகத் தேயுங்கள், ரப்பர் துகள் ஒன்றுகூட ஸ்லாட்டுக்குள் போகாமல் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் அதைத் துணியில் தொட்டுத் துடைப்பது இன்னும் நல்லது. ஸ்லாட்டை வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் போகும்.

மதர்போர்டு பேசுவதைக் கேளுங்கள். ராம் கிடைக்காவிட்டால் பழைய போர்டுகள் நீண்ட பீப் ஒலியைத் திரும்பத் திரும்ப எழுப்பும். பீப் கணக்கு பயாஸுக்குப் பயாஸ் மாறும் என்பதால் மதர்போர்டு புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சத்தமே இல்லை என்றால் ஸ்பீக்கரே இல்லாமல் இருக்கலாம். மதர்போர்டில் ஸ்பீக்கர் என்று குறித்த பின்களில் மாட்டும் சிறிய பஸ்ஸர் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. புதிய போர்டுகள் பலவற்றில் சிபியூ, டிரேம், விஜிஏ, பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். டிரேம் விளக்கு அணையாமல் நின்றால் ராமில்தான் சிக்கல்.

ஆனால் டிடிஆர்5 ராம் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராமை மாற்றிய பிறகு முதல் முறை ஆன் செய்யும்போது, அந்த ராமுக்கு ஏற்ற டைமிங்கை போர்டு தானே சோதித்துக் கண்டுபிடிக்கும். இதற்கு மெமரி டிரெய்னிங் என்று பெயர். 2022-இல் வந்த ஏஎம்5 போர்டுகளில் இதற்குச் சில நிமிடங்கள்கூட ஆவதுண்டு. அதுவரை மானிட்டர் இருட்டாகவே இருக்கும், டிரேம் விளக்கும் எரியும். இந்த நேரத்தில் பதறிப்போய் பவரை அணைத்தால் மறுபடி முதலில் இருந்து தொடங்கும். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் சிமாஸ் கிளியர் செய்யலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, காசு வடிவில் உள்ள சி.ஆர். 2032 பேட்டரியைச் சில நிமிடம் எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். பழைய ராமுக்காக பயாஸ் நினைவில் வைத்திருந்த டைமிங் அழிந்து, புதிதாகப் படிக்கும். ஒரு எச்சரிக்கை: விண்டோஸ் 11 உள்ள பல கம்ப்யூட்டர்களில் நமக்குத் தெரியாமலே டிஸ்க் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கும். பயாஸ் அமைப்புகள் அழிந்ததும், 48 இலக்க பிட்லாக்கர் ரெக்கவரி கீயைக் கேட்டு நிற்கலாம். எனவே பேட்டரியில் கை வைக்கும் முன்பு, அந்தக் கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் இருக்கிறதா என்று மொபைலில் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டிக்கரைப் படியுங்கள்

பொருந்தாத ராமை வாங்கிவிட்டு, பொருந்தும் என்று நம்பி மல்லுக்கட்டுபவர்கள் அதிகம். டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின்கள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்கள். பின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் வெட்டு இருக்கும் இடம் வேறு. வோல்டேஜும் வேறு: டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட், டிடிஆர்4-க்கு 1.2, டிடிஆர்5-க்கு 1.1. வெட்டு பொருந்தவில்லை என்றால் அது அந்த போர்டுக்கான ராம் இல்லை, அவ்வளவுதான். பிராசஸரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 2021-இல் வந்த இன்டெல் 12-ஆம் தலைமுறை பிராசஸருக்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு.

செகண்ட் ஹேண்ட் ராம் வாங்குபவர்கள் ஸ்டிக்கரில் ஒரு எழுத்தைத் தேட வேண்டும். பிசி3-12800 என்று போட்டு அதன் பின்னால் 'யு' என்றிருந்தால் சாதாரண டெஸ்க்டாப் ராம். 'எஸ்' என்றால் லேப்டாப்புக்கான சிறிய ராம். 'ஆர்' என்றிருந்தால் சர்வர்களுக்கான ரிஜிஸ்டர்டு ராம். அலுவலக சர்வர்களில் இருந்து கழித்துக் கட்டிய இந்த 'ஆர்' ராம்கள் ஆச்சரியமான விலைக்குக் கிடைக்கும். வெட்டு பொருந்தும், ஸ்லாட்டில் அழகாக உட்காரும், டிஸ்பிளே மட்டும் வரவே வராது. வீட்டுக் கம்ப்யூட்டர்களால் அதைப் பயன்படுத்த முடியாது. 12800 என்பது ஒரு விநாடிக்கு எத்தனை மெகாபைட் கடத்தும் என்ற கணக்கு. அதை 8-ஆல் வகுத்தால் நமக்குப் பழக்கமான 1600 வரும்.

இன்னொரு பொறி, சிப் எண்ணிக்கை. 2008-இல் வந்த ஜி41 சிப்செட் போர்டுகள் இன்னும் சில வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. டிடிஆர்3 வகை ஜி41 போர்டுகளில் 4 ஜி.பி. ராம் போட வேண்டுமானால், இரண்டு பக்கமும் சேர்த்து 16 சிப்கள் உள்ள ராமாகப் பார்த்து வாங்க வேண்டும். 8 சிப்கள் மட்டும் உள்ள 4 ஜி.பி. ராமில் ஒவ்வொரு சிப்பும் அந்த போர்டுக்குத் தெரிந்த அளவைவிடப் பெரியது. ராம் நல்லதுதான், போர்டும் நல்லதுதான், இரண்டுக்கும் ஒத்துவராது. இப்படிப்பட்ட ராமைக் கெட்டுப்போனது என்று குப்பையில் போட்டவர்கள் உண்டு.

மெமரி குறைவாகக் காட்டினால்

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பிரிவில் மெமரியைக் கிளிக் செய்யுங்கள். எத்தனை ஸ்லாட்டில் ராம் இருக்கிறது, என்ன வேகத்தில் ஓடுகிறது, ஹார்டுவேருக்காக ஒதுக்கப்பட்டது எவ்வளவு என்பதெல்லாம் அங்கேயே தெரியும். ஒரு ராம் முழுவதுமாகக் காணவில்லை என்றால் அது உட்காரவில்லை, அல்லது போர்டு அதை ஏற்கவில்லை. முன்பு சொன்னதைத் திரும்பச் செய்யுங்கள்.

8 ஜி.பி. போட்டும் மூன்றே சொச்சம்தான் பயன்படுகிறது என்றால் உங்களுடையது 32 பிட் விண்டோஸாக இருக்கும். 32 பிட்டில் எண்ணக்கூடிய முகவரிகள் 4 ஜி.பி. அளவுக்குத்தான். அதிலும் ஒரு பகுதியை கிராபிக்ஸ் கார்டும் மற்ற சாதனங்களும் எடுத்துக்கொள்ளும். எத்தனை ராம் போட்டாலும் இது மாறாது. 64 பிட் விண்டோஸைப் புதிதாக இன்ஸ்டால் செய்ய வேண்டும். மதர்போர்டிலேயே கிராபிக்ஸ் உள்ள கம்ப்யூட்டர்களில் சில நூறு மெகாபைட் குறைவது இயல்பு, அதைப் பிழை என்று நினைக்க வேண்டாம்.

ராம் போட்ட பிறகு விண்டோஸ் ஏதோ குழம்பியதுபோல் நடந்துகொண்டால், பாஸ்ட் ஸ்டார்ட்டப்பைச் சந்தேகியுங்கள். விண்டோஸ் 8-இல் இருந்து, ஷட் டவுன் என்று நாம் நினைப்பது முழு ஷட் டவுன் இல்லை. விண்டோஸின் உட்பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்து, மறுநாள் அதையே எடுத்து ஓட்டும். பழைய ராமுடன் எழுதி வைத்ததைப் புதிய ராமுடன் திறக்கும்போது தடுமாறக்கூடும். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு ஷட் டவுனைக் கிளிக் செய்தால் முழுவதுமாக அணையும். ராம் மாற்றும் முன்பே இப்படி அணைப்பது நல்ல பழக்கம்.

அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகிறதா?

பழைய ராம் 2400, புதியது 3200 என்று கலந்து போட்டால் இரண்டும் குறைந்த வேகத்தில்தான் ஓடும். அதில் தவறில்லை. ஆனால் பயாஸில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ ஆன் செய்திருந்தால் சிக்கல் வரலாம். இவை ராமை அதன் இயல்பான வேகத்துக்கு மேலே ஓட்டும் ஏற்பாடுகள். ஒரே பெட்டியில் ஜோடியாக வந்த ராம்களுக்குச் சரி. வெவ்வேறு காலத்தில் வாங்கிய இரண்டு ராம்களைச் சேர்த்து அந்த வேகத்தில் விரட்டினால் நீலத் திரையில் போய் நிற்கும். ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 கீயை அழுத்தி பயாஸுக்குள் போய், அதை ஆஃப் செய்துவிட்டுப் பாருங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ராம் போடுவதாக இருந்தால், பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரில் இருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளே சரியானவை.

வெளியே தெரியாத கோளாறு

இப்போது சார் வீட்டுக்கு வருவோம். அங்கே நீலத் திரை வரவில்லை. ரீஸ்டார்ட் ஆகவில்லை. அதனால்தான் இரண்டு வாரம் யாருக்கும் தெரியவில்லை.

ராமில் கோடிக்கணக்கான செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 0 அல்லது 1. அதில் ஒன்று கெட்டு, 0 எழுதினால் 1 என்று திருப்பித் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் '1' என்ற எழுத்தின் குறியீடு 49. அதை எட்டு பிட்டுகளாக எழுதினால் 00110001. இதில் வலப்பக்கமிருந்து நான்காவது பிட் மட்டும் மாறினால் 00111001, அதாவது 57. அது '9' என்ற எழுத்தின் குறியீடு. ஆயிரம் என்று டைப் செய்து சேமித்த தொகை ஒன்பதாயிரம் ஆகிவிடும். எந்த எர்ரர் மெசேஜும் வராது. சாதாரண வீட்டு ராமில் இதைக் கண்டுபிடித்துச் சொல்லும் வசதியே கிடையாது.

ஜேபெக் படத்தில் விளைவு இன்னும் பெரிது. அது சுருக்கப்பட்ட ஃபைல் என்பதால், நடுவே ஒரு பிட் மாறினாலும் அதற்குப் பிறகு வருவதை எல்லாம் தவறாகப் பிரிக்கும். மேல்பாதியில் குழந்தை சிரிக்கும், கீழ்பாதி சாம்பல் நிறமாகவோ பச்சைக் கோடுகளாகவோ இருக்கும். ஜிப் ஃபைல்கள் திறக்க மறுப்பதும், டவுன்லோட் செய்த செட்டப் ஃபைல் "கரப்ட்" என்று சொல்வதும், பிரவுசர் டேப்கள் காரணமின்றி விழுவதும் இதே நோயின் அறிகுறிகள். ஒன்று வந்தால் தற்செயல். ராம் மாற்றிய பிறகு இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் டெஸ்ட் செய்தே ஆகவேண்டும்.

விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் என்ற டெஸ்ட் இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் தேடினால் கிடைக்கும். ரீஸ்டார்ட் ஆகி டெஸ்ட் ஓடும்போது எஃப்1 அழுத்தி, எக்ஸ்டெண்டட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இது பிழை காட்டினால் ராமில் கோளாறு இருப்பதாகவே கொள்ளலாம். காட்டாவிட்டால் ராம் நல்லது என்று அர்த்தமில்லை. அதற்கு மெம்டெஸ்ட்86+ என்ற இலவச புரோகிராமைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்ய வேண்டும். 2022-இல் வந்த இதன் 6-ஆம் பதிப்பில் இருந்து புதிய யூஇஎஃப்ஐ கம்ப்யூட்டர்களிலும் ஓடுகிறது. ராமின் அளவைப் பொறுத்து ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். இரவு படுக்கும்போது ஓடவிட்டு, காலையில் பார்ப்பதே வசதி. ஒரு பிழைகூட வரக்கூடாது. "ஆயிரம் கோடியில் ஒன்றுதானே" என்ற சமாதானம் இங்கே செல்லாது.

சார் வீட்டில் இரவு வரை காத்திருக்கத் தேவையே இருக்கவில்லை. ஏழாவது நிமிடத்தில் சிவப்பு வரிகள் வரத் தொடங்கின.

எது குற்றவாளி என்று அறிய, இரண்டு ராமையும் தனித்தனியாக, ஒரே ஸ்லாட்டில் வைத்து டெஸ்ட் செய்யுங்கள். ஒன்று மட்டும் பிழை காட்டினால் அந்த ராம்தான். பிறகு நல்ல ராமை இரண்டாவது ஸ்லாட்டில் வைத்துப் பாருங்கள். அங்கே மட்டும் பிழை வந்தால் ஸ்லாட்டில் தூசியோ வளைந்த காண்டாக்டோ இருக்கிறது. தனித்தனியாக இரண்டுமே சுத்தமாக இருந்து, சேர்த்துப் போட்டால் மட்டும் பிழை வந்தால், ராம்கள் கெடவில்லை, அவற்றுக்குள் ஒத்துப்போகவில்லை. பயாஸில் வேகத்தை ஒரு படி குறைத்தால் பல நேரம் சரியாகிவிடும். எந்த ராமை எந்த ஸ்லாட்டில் வைத்தாலும் பிழை என்றால், கையில் உள்ளதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. வேறு ஒருவரின் நல்ல ராமைக் கடன் வாங்கிப் போட்டுப் பார்த்த பிறகே போர்டையோ பிராசஸரையோ எஸ்.எம்.பி.எஸ்.ஸையோ சந்தேகிக்க வேண்டும். ஒவ்வொரு டெஸ்ட்டின் முடிவையும் ஒரு தாளில் எழுதுங்கள். மூன்றாவது முறை மாற்றும்போது எது எங்கே இருந்தது என்று மறந்துவிடும்.

எங்கள் வழக்கில் குற்றவாளி நான் வாங்கி வந்த 8 ஜி.பி. எந்த ஸ்லாட்டில் வைத்தாலும் பிழை. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. பழைய பொருளை டெஸ்ட் செய்யாமல் அடுத்தவர் கம்ப்யூட்டரில் போட்டது நான்.

ராம் சந்தேகத்தில் இருக்கும்போது செய்யக்கூடாதவை

படங்கள் கெட்டதைப் பார்த்ததும் என் கை தானாகச் செக் டிஸ்க்கை ஓட்டப் போனது. நல்லவேளை, நிறுத்திக்கொண்டேன். செக் டிஸ்க், சிஸ்டம் ஃபைல் செக்கர், விண்டோஸ் ரிப்பேர் எல்லாமே ராமுக்குள் உட்கார்ந்து வேலை செய்பவை. டிஸ்க்கில் உள்ளதை ராமுக்குக் கொண்டு வந்து, தவறு என்று தோன்றினால் மாற்றி எழுதும். ராமே பொய் சொன்னால் நல்ல ஃபைலைத் தவறு என்று நினைத்துத் திருத்திவிடும். விண்டோஸைப் புதிதாக இன்ஸ்டால் செய்வதும் அப்படித்தான். அதுவும் பாதியில் விதவிதமான எர்ரர்களுடன் நிற்கும். பேக்கப் எடுப்பதுகூட ஆபத்து. பழைய நல்ல பேக்கப்பின் மேல் கெட்ட காப்பி எழுதப்பட்டுவிடும்.

கெட்டதாகத் தெரியும் ஃபைல்களை அழிக்கவும் கூடாது. அதன் காரணம் அன்று எனக்கே வியப்பாக இருந்தது. சாரின் கம்ப்யூட்டரில் மொத்தம் 31 படங்கள் பாதியாகத் தெரிந்தன. புதிய ராமைக் கழற்றிவிட்டு, பழைய 4 ஜி.பி.யுடன் அதே ஃபோல்டரைத் திறந்தால் 12 படங்கள் முழுதாக வந்தன! டிஸ்க்கில் அவை நன்றாகவே இருந்திருக்கின்றன. டிஸ்க்கில் இருந்து படிக்கும்போதுதான் ராம் அவற்றைக் கெடுத்துக் காட்டியது. "பாதிப் படம் எதுக்கு" என்று சார் முன்பே அழித்திருந்தால் நல்ல படங்களும் போயிருக்கும்.

மீதி 19 படங்கள் டிஸ்க்கில் எழுதும்போதே கெட்டவை. அவற்றுக்கு ஒரே நம்பிக்கை, ஃபார்மட் ஆன மெமரி கார்டு. கேமராவில் சாதாரணமாக ஃபார்மட் செய்யும்போது பல நேரம் ஃபைல்களின் பட்டியல்தான் அழிகிறது, அதே இடத்தில் புதிய படம் எழுதப்படும் வரை பழைய படம் கார்டிலேயே இருக்கும். கேட்டதும் முதல் கேள்வியாக, "அதுக்கப்புறம் கேமராவில் எத்தனை படம் எடுத்தீங்க சார்?" என்றேன். "கோயிலுக்குப் போனப்ப கொஞ்சம்" என்றார். கார்டை அப்போதே கேமராவில் இருந்து எடுத்து, எழுத முடியாதபடி அதன் ஓரத்தில் உள்ள லாக்கைத் தள்ளி வைத்தேன். என் வீட்டில் உள்ள கம்ப்யூட்டரில் போட்டோரெக் என்ற இலவச புரோகிராமை ஓட்டி, மீட்ட படங்களைக் கார்டில் எழுதாமல் வேறு டிஸ்க்கில் சேமித்தேன். ஃபைல் பெயர்கள் எல்லாம் போய்விட்டன, ஒவ்வொன்றாகத் திறந்துதான் அடையாளம் காண வேண்டியிருந்தது. 16 படங்கள் கிடைத்தன. மூன்று கிடைக்கவில்லை. கோயில் படங்கள் அவற்றின் இடத்தில் உட்கார்ந்துவிட்டன.

அந்த மூன்றில் ஒன்று உறவினர் ஒருவரின் மொபைலில் ஏறக்குறைய அதே கோணத்தில் இருந்தது. மற்ற இரண்டில் ஒன்று, தாய்மாமன் மடியில் குழந்தை உட்கார்ந்திருக்கும் படம். சார் என்னை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. "பாதி இருக்கே தம்பி, முகம் தெரியுது" என்று அதையும் பிரிண்ட் போட்டு வைத்துக்கொண்டார்.

பிறகு வேறொரு 4 ஜி.பி. ராம் வாங்கினேன். அதை என் வீட்டில் இருந்த பழைய டிடிஆர்3 கம்ப்யூட்டரில் போட்டு ஒரு இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டி, காலையில் பிழை பூஜ்யம் என்று பார்த்துவிட்டு எடுத்துப் போனேன். சார் கம்ப்யூட்டரில் போட்ட பிறகு அங்கேயும் ஒரு சுற்று. 2025-இன் கடைசி மாதங்களில் ராம் விலை கடுமையாக ஏறிய பிறகு, செகண்ட் ஹேண்ட் ராம் தேடி என்னிடம் விசாரிப்பவர்கள் கூடிவிட்டார்கள். வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் ஒரு வாரமாவது மாற்றித் தரும் உத்தரவாதத்துடன், ஸ்டிக்கர் கிழியாததாகப் பார்த்து வாங்குங்கள். அந்த வாரத்தின் முதல் இரவே டெஸ்ட்டை ஓடவிடுங்கள். அது முடியும்வரை கேமரா கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள்.